இரவல் கூடு

தீவிலிருந்து திரும்பும் படகில் எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்தது. விடுமுறை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் முகம் வேறு எப்படி இருக்கும்? துவைக்க வேண்டிய துணிமூட்டையும் நாளைய ஆபீஸும் அதற்குள் கண்ணில் வந்து நின்றிருக்கும். மேல்தளத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கால்கள் என்னுடையவை இல்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்து இருக்கை அம்மாள் திருச்சிக்காரர். ரிசார்ட்டில் எந்தச் சாப்பாட்டிலும் உறைப்பே இல்லை என்று படகு கிளம்பியதிலிருந்து குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், பையிலிருந்து முறுக்கு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீ எந்த ஊரும்மா?”

“உடம்பு வேலாப்பட்டணமுங்க. நான் கோபிச்செட்டிபாளையம்.”

அவர் வாய்க்குப் போன முறுக்கு பாதி வழியில் நின்றது. “கூடா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“கூடேதானுங்க. ஒட்டிக்காது, நீங்க சாப்பிடுங்க.”

சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஆளை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாற்றும் இயந்திரம் வந்தபோது யாரும் புதுப்பெயர் தேடி அலையவில்லை. இரவல் கொடுக்கப்படும் உடம்பு கூடு. கொடுக்கிறவள் கூட்டுக்காரி. உள்ளே வந்து தங்கிப் போகிறவர் விருந்தாளி.

“அப்ப உன் சொந்த உடம்பு?”

“ஊர்ல கட்டல்ல கெடக்குதுங்க. ஆறு வருசமா அதுக்கு அதேதான் வேலை. ஒரு லாரி இடிச்சுப்போட்டுது. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது.”

“இந்தப் பொண்ணு?”

“ஜெசிந்தான்னு பேரு. உள்ள அசந்து தூங்கறா. இந்த ஒரு வாரம் நடந்தது எதுவும் அவளுக்கு நெனப்பிருக்காது. அவ வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் நான் எறங்கிக்குவேன், அவ முழிச்சுக்குவா.”

“ஐயோ பாவம்,” என்றார் அம்மாள்.

எனக்குச் சொன்னாரா, ஜெசிந்தாவுக்குச் சொன்னாரா, தெரியவில்லை. யாருக்குச் சொல்லியிருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக என் கட்டிலருகே வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். பாவம் வசுமதி. அதற்கு முன்னால் நான் யார் தெரியுமா? மாநிலப் போட்டியில் நீச்சலுக்குத் தங்கம் வாங்கியவள். ஈரோட்டு நீச்சல் குளத்தில் பயிற்சிக்கு நான் விசில் ஊதினால் பொடிசுகள் மட்டுமில்லை, அவர்களுடைய அப்பன்மாரும் சேர்ந்து வரிசையில் நிற்பார்கள். அந்த வசுமதியைப் பார்த்து ஒருத்தரும் பாவம் என்றதில்லை. திமிர் பிடித்தவள் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த பட்டம் அது.

ஒரு வாரத்துக்கு முன் ஜெசிந்தாவின் வீட்டில், அவள் கண்களைத் திறந்து நான் பார்த்தபோது, கைக்கருகில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. உள்ளே முந்திரிக்கொத்து. தூங்கப்போவதற்கு முன் அவளே செய்து, அவளே மூடி வைத்திருக்கிறாள், உள்ளே வரப்போகிற விருந்தாளிக்காக. முன்பின் தெரியாத ஒருத்திக்கு உடம்பையும் கொடுத்துப் பலகாரமும் கட்டிக் கொடுக்கிறவளை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று.

தீவில் இறங்கியதும் நேராகக் கடலுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்லும்போது இப்போதும் ஒரு கர்வம் வருகிறது. தண்ணீர் முட்டளவு வந்ததுதான் தாமதம், இரண்டு கால்களும் பூட்டிக்கொண்டன. பல் கிட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கா பயம்? காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அப்பா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்ட அன்றைக்கே என் பயம் அந்தக் கிணற்றிலேயே முழுகிப் போயிற்று. இது ஜெசிந்தாவின் பயம். ஆள் தூங்குகிறாள், பயம் மட்டும் அவள் முட்டியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலில் இறங்கப் பயம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்தால் அதை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். தூக்கில் போட ரிசார்ட்டில் டீயோடு வைக்கும் சர்க்கரைப் பொட்டலங்கள்தான் கிடைத்தன. வெட்கப்படாமல் அள்ளிப் போட்டுக்கொண்டேன். உடம்பில் போட்டுக் கொடுக்க எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

மற்ற விருந்தாளிகள் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் இளநீர் குடித்துக்கொண்டும் கிடந்தார்கள். நான் வேலை பார்த்தேன். மட்டையோடு இருந்த நெற்றுத் தேங்காய் இரண்டைக் கயிற்றால் பிணைத்து அக்குளுக்கடியில் கொடுத்து, பிடிவாதம் பிடித்த அந்தக் கால்களைத் தண்ணீருக்குள் இழுத்துப் போனேன். ரிசார்ட் பணியாளர்கள் கரையில் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதலில் முட்டி நடுக்கம் நின்றது. அப்புறம் மூச்சு வசப்பட்டது. பிறகு தேங்காய்களைக் கழற்றி எறிந்தேன். கடைசி நாள் காலையில் அந்த உடம்பு அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய் மல்லாந்து மிதந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெருமையில்தான் படகில் மகாராணியாக உட்கார்ந்திருந்தேன். நிரஞ்சன் வரும்வரை.

நிரஞ்சன் கம்பெனிப் பையன். கூட்டைப் பத்திரமாக வீட்டில் ஒப்படைப்பது அவன் பொறுப்பு. கடல்காற்றில் அவன் டை பறந்து அவன் முகத்திலேயே அறைந்துகொண்டிருந்தது. என் பிடரியில் ஒரு பட்டையை ஒட்டி, கையிலிருந்த திரையைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. உடம்புக்கு ஏதாவது கத்துக் குடுத்தீங்களா?”

“நீச்சல்.”

“ஐயோ. கிளம்புறதுக்கு முன்னாடி சொன்னோமே மேடம், எப்படி வாங்குறீங்களோ அப்படியே திருப்பித் தரணும்னு.”

“அடிபடாமப் பாத்துக்கணும்னு சொல்றீங்கன்னு நெனச்சனுங்க. முட்டியில லேசாப் பாறை உரசுனதோட சரி. நான் போனதும்தான் எல்லாத்தையும் மறந்துருமே?”

“நினைவு போயிடும். பழக்கம் போகாது. சைக்கிள் ஓட்டுறது மாதிரி, அது உடம்புலயே தங்கிடும். முன்னாடி ஒரு விருந்தாளி தன்னோட சிகரெட் பழக்கத்தை விட்டுட்டுப் போயிட்டார். கூட்டுக்காரர் வாழ்க்கையில பீடி கூடத் தொட்டதில்ல. எழுந்ததும் கை தானா சட்டைப்பையைத் தடவுது. பெரிய கேஸ் ஆயிடுச்சு. அதுலேர்ந்து புதுப் பழக்கம் பதிவான உடம்பை மறுபடியும் கூடா எடுத்துக்க மாட்டோம்.”

“அப்படீன்னா ஜெசிந்தா?”

“லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. ஆனா ஒரு வழி இருக்கு. கரையிறங்கினதும் சென்டர்ல நிறுத்தி அழிச்சுடலாம். நீங்க கைரேகை வெச்சாப் போதும். ஒப்படைச்சதுக்கு அப்புறம் அழிக்க முடியாது.”

“அவகிட்டக் கேளுங்க. அவ உடம்புதான?”

“அவங்க தூங்குறாங்களே மேடம். ஒப்படைக்கிறவரைக்கும் முடிவு விருந்தாளியோடது. சட்டம் அப்படி.”

அந்த வீட்டு அடுப்பு கூட்டுக்குக் கிடைக்கும் கூலியை நம்பித்தான் எரிகிறதோ என்னவோ. சர்க்கரை போடுகிறேன் என்று போய்ப் பாத்திரத்தையே ஓட்டை போட்டுவிட்டேனா? குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தேன். கறுத்த, உறுதியான கால்கள். படகு ஓரத்தில் கடல் சீறிக்கொண்டிருந்தது. சாரல் பாதத்தில் தெறித்தது. முட்டி நடுங்கவில்லை.

“அழிச்சா, பழைய பயம்?”

“அதுவும் திரும்பி வந்துடும் மேடம். எப்படி இருந்தாங்களோ அப்படியே.”

பயத்தைத் திரும்ப வைக்கிற வேலைக்கு நான் கைரேகை வைப்பதா? என் சொந்தக் கைக்கு ரேகை வைக்கக்கூட வராது. இரவல் கையால் ஒரே ஒரு தடவை வைக்கலாம், அதையும் இதற்கு வைப்பதா?

“வெக்க மாட்டேன்,” என்றேன்.

“அவங்க கோபப்பட்டா?”

“கோபிக்கு வந்து திட்டச் சொல்லுங்க. நான் எங்கீயும் ஓடிர மாட்டேன்.”

வாய் வீம்பாகப் பேசிவிட்டது. வேலாப்பட்டணத்துக்கு வேனில் போகிற வழியெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உப்பளங்கள் வெயிலில் பளபளத்தன. அந்தப் பாதை எனக்குப் புதிது, உடம்புக்குப் பழசு. மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் கை தானாக எழுந்து நெற்றியில் சிலுவை போட்டது. அந்தக் கைக்கு எது பெருமை, எது நஷ்டம் என்று அதற்குரியவளைக் கேட்காமல் தீர்மானித்துவிட்டேன். சரியாகச் செய்தேன் என்று நம்பினேன். நம்பிக்கைக்குள் முள் குத்திக்கொண்டே இருந்தது.

வாசலில் ரெமிஜியுஸ் நின்றிருந்தார், ஜெசிந்தாவின் கணவர். பக்கத்தில் அவர்கள் மகள் பெனிட்டா. வேனைக் கண்டதும் குழந்தை ஓடிவந்தது, ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டது.

“நீங்க இன்னும் ஆன்ட்டிதானா?”

“ஆமாங் கண்ணு. இன்னும் சித்த நேரத்துல அம்மா வந்துருவா.”

குழந்தையைத் தூக்கக் கைகள் தாமாக எழுந்தன. அடக்கிக்கொண்டேன். அது ஜெசிந்தாவுக்கு உரியது.

ரெமிஜியுஸ் என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே பேசினார். மனைவியின் முகத்தில் வேறொரு பெண் இருக்கும்போது ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி. “வாங்கம்மா. தண்ணி எதும் குடிக்கியளா? முட்டுல என்ன, செராச்சிருக்கு?”

“பாறை உரசிருச்சுங்க. கடலுக்குள்ள.”

“கடலுக்குள்ளயா?”

மறைத்துப் பழக்கமில்லை எனக்கு. “உங்க சம்சாரத்துக்கு நீச்சல் பழக்கிப்போட்டனுங்க. கேக்காமச் செஞ்சுட்டேன். இனி கூடு குடுக்க முடியாதாமா. அழிக்கறேன்னாங்க, வேண்டாம்னுட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.”

அவர் சட்டென்று திரும்பிக் கடலைப் பார்த்து நின்றார். தோள்கள் குலுங்கின. நாசமாய்ப் போயிற்று என்று நினைத்தேன். நிரஞ்சன் என்னைப் பார்த்த பார்வையில் “நான்தான் சொன்னேனே” என்று இருந்தது.

வீட்டுக்குள் ஜெசிந்தாவின் கட்டிலில் படுத்தேன். தூக்கைக் கைக்கருகில் வைத்துக்கொண்டேன். நிரஞ்சன் தலையில் வலைத்தொப்பியை மாட்டினான். கடைசியாக ஒரு தடவை கால்விரல்கள் பத்தையும் மடக்கி நீட்டினேன். போய் வருகிறேன் என்று அவற்றுக்குச் சொன்னேன்.

கண் விழித்தபோது என் அறை மின்விசிறி. அண்ணி கோமதி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே கல். ஒரு வாரம் இல்லாமல் இருந்துவிட்டு வந்ததால் கல் முன்னைவிடக் கனத்தது. பொய் சொல்ல மாட்டேன், கத்தி அழ வேண்டும்போல இருந்தது.

“ஊர் நல்லா இருந்துச்சா கண்ணு?” என்றார் அண்ணி.

“நெம்ப நல்லா இருந்துச்சுங்க அண்ணி. கடைசியில ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டு வந்துட்டேன்.”

ஒப்படைத்த மறுநாளிலிருந்து கூட்டுக்காரியும் விருந்தாளியும் திரையில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, கூச்சம். நான் காலையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வெயில் தாழ்ந்தபோது மணி அடித்தது.

திரையில் நான் ஒரு வாரம் கண்ணாடியில் பார்த்த முகம். ஆனால் அது இப்போது வேறு முகம். புருவத்தில் ஒரு நெறிப்பு இருந்தது, உதட்டோரத்தில் ஒரு குறும்பு. என்னால் ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட அந்த முகத்தில் கொண்டுவர முடியாதவை. தலைமுடி ஈரமாக இருந்தது. பின்னால் கடல்.

“எக்கா,” என்றாள். “தூக்கத் தொறந்தேன். அம்புட்டும் சீனிப் பொட்டலம். ஓட்டல்ல அள்ளுனியளோ?”

“ஜெசிந்தா, மன்னிச்சுக்க சாமி. நான் கேக்காம...”

“கம்பெனிலருந்து போன் வந்திச்சு. பேர எடுத்துட்டாவளாம். எடுத்துட்டுப் போறாவ. ஒருக்காதான் குடுக்கணும்னு இருந்தேன், குடுத்தாச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவள் போனை எங்கோ படகு விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

“இங்க மீட்புப் படகுல பொம்பளையளையும் சேக்காவ. நீச்சல் சோதன வைப்பாவ. போன தடவயும் அதுக்கு முந்தியும் போனேன். முட்டளவு தண்ணிக்கு மேல காலு போவமாட்டேங்கு. சின்னதுல என் தம்பி என் கண்ணு முன்னாலதான் முங்குனான். முட்டளவு தண்ணியில நின்னு பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்குப் பூட்டுன முட்டுதான் இது, எக்கா. எங்க வீட்டாளு சொல்லிக் குடுத்துப் பாத்தாவ, கோச்சு வச்சுப் பாத்தாவ. நான் முழிச்சிருக்க வரைக்கும் அது தொறக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அதனால?”

“அந்தச் சிகரெட்டுக் கேசப் பத்திக் கேள்விப்பட்டிருந்தேன். தூங்குனா தொறக்குமான்னு பாத்தேன். கம்பெனில எத்தனையோ பேரு என் உடம்பக் கேட்டிருந்தாவ. ஒவ்வொருத்தரா பேரும் படமும் காட்டுனாவ. மாநில அளவுல நீச்சல்ல தங்கம்னு உங்களுக்குப் போட்டிருந்திச்சு. இவியதான்னு சொல்லிட்டேன். வாயத் தொறந்து கேக்க முடியாதுல்லா, ரூலு. அதான் பலகாரத்தப் பண்ணி வச்சேன். கொங்குப் பக்கத்து ஆளுவ வெறுந்தூக்கக் குடுக்க மாட்டாவன்னு எங்க மாதா கோயில் பங்குச்சாமி சொல்லுவாரு, அவரு உங்க பக்கந்தான்.”

“நான் பாட்டுக்கு எளநி குடிச்சுட்டுத் தூங்கிப் போயிருந்தா?”

“மாட்டிய. படத்துலயே பாத்தேம்லா. கட்டில்ல கெடந்துகிட்டு அந்தக் கேமராவ என்னமா மொறச்சிய! இந்தத் திமிரு புடிச்ச மனுசி சும்மா கெடக்க மாட்டான்னு எங்க வீட்டாளுகிட்டச் சொன்னேன். நேத்து நீங்க சொன்னதும் அவியளால அழுகையயும் அடக்க முடியல, சிரிப்பயும் அடக்க முடியல. அதான் திரும்பிக்கிட்டாவ.”

திமிர் பிடித்த மனுசி. ஆறு வருடத்துக்குப் பிறகு என் பட்டம் எனக்குத் திரும்பி வந்தது.

எனக்கு யாரோ இரக்கப்பட்டுக் கால் இரவல் கொடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். பதிலுக்கு நான் பெரிய மனசு பண்ணி எதையோ கொடுத்ததாகவும் நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. இத்தனை பேரில் தேடிப் பொறுக்கி எடுத்து, எனக்கே தெரியாமல் இவள் என்னை வேலைக்கு வைத்திருக்கிறாள். முழு வேலையும் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெருமை என் நெஞ்சுக்குள் பொங்கி வந்தபோது கழுத்துக்குக் கீழே கல் என்பதே மறந்து போயிற்று.

“காலையில எறங்கிப் பாத்தேன்,” என்றாள். “காலு தானாப் போவுது. எனக்கு ஒண்ணுமே தெரியல, அதுக்கு எல்லாம் தெரியுது. ஆனா கொஞ்ச தூரம் போனதும் தண்ணி வாய்க்குள்ள போயிருதுக்கா. இரிங்க, காட்டுதேன்.”

அவள் எழுந்து நடந்தாள். கணுக்கால், முட்டி, இடுப்பு. முட்டியருகில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிறகு உடம்பை முன்னால் சரித்துத் தண்ணீரில் விட்டாள். கரையில் பெனிட்டா குதித்தாள். என் கைவீச்சு, என் காலுதைப்பு, அந்தக் கறுத்த உறுதியான உடம்பில் அலையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. சட்டென்று தலை மேலே எழும்பியது.

“தலையத் தூக்காத!” என்று கத்தினேன். “மூச்சுக்குத் தலையத் தூக்காத புள்ள, பக்கவாட்டுல திருப்பு! காது தண்ணிக்குள்ளயே இருக்கோணும்! திருப்பு!”

சமையலறையிலிருந்து அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார். ஆறு வருடமாக இந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியதில்லை.

“என்னாச்சு கண்ணு?”

“அண்ணி, அந்தத் திரையை இன்னங் கொஞ்சம் கிட்டக்க நவுத்துங்க. அப்பறம், நாளைக்கு வெடியால என்னை நேரத்துல எழுப்பி விட்டுருங்க.”

“எதுக்கு?”

“வேலை இருக்குதுங்க,” என்றேன்.